மூன்று தெரிந்தால் நான்காவது: விகிதசமத்தில் விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

அரை கிலோ மல்லிக்கு 300 கிராம் மிளகாய். இது வீட்டின் சாம்பார் பொடிக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். டப்பாவைத் திறந்தால் மல்லி 350 கிராம்தான் இருக்கிறது. மாவு மில்லுக்குக் கொண்டுபோகும் முன் மிளகாயை எவ்வளவு நிறுத்து எடுப்பது?

மூன்று எண்கள் தெரியும், நான்காவது தெரியாது. விகிதசமக் கணக்கு இவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பிலேயே இது வந்துவிடுகிறது. ஆனாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரிகளும் இதில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். பெருக்கல், வகுத்தல் தெரியாததால் அல்ல, எந்த எண்ணை எந்த இடத்தில் எழுதுவது என்பதில் சறுக்குவதால். அதனால் இங்கே கணக்கைப் போடுவதைவிட, போடும் முன் எழுதி அடுக்குவதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். 500-க்கு 300 என்பது விகிதம். இரண்டையும் நூறால் வகுத்தால் 5 : 3. இப்படி இரண்டு விகிதங்கள் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் அது விகிதசமம். 2 : 3 :: 8 : 12 என்று எழுதி, ‘இரண்டுக்கு மூன்று என்றால் எட்டுக்குப் பன்னிரண்டு’ என்று படிக்க வேண்டும். வெளியே இருக்கும் 2-உம் 12-உம் முனை எண்கள், உள்ளே இருக்கும் 3-உம் 8-உம் நடு எண்கள். முனைகளைப் பெருக்கினாலும் நடுவைப் பெருக்கினாலும் ஒரே விடை வரும்: இங்கே 24. இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் விடுபட்ட எண்ணைப் பிடிக்கிறோம்.

எண்ணுக்கு மேல் பெயர்

கேள்வியைப் படித்ததும் பேனா ஓட வேண்டியது எண்களுக்கு அல்ல, பெயர்களுக்கு. இரண்டு பத்திகள் (மேலிருந்து கீழாகப் போகும் நெடுவரிசைகள்) போட்டு, தலைப்பில் எது எது என்று எழுதுங்கள். அதற்குக் கீழே தெரிந்த சோடி ஒரு வரியில், தெரியாத சோடி அடுத்த வரியில்.

மல்லி — மிளகாய்
500 கிராம் — 300 கிராம்
350 கிராம் — □

தெரியாத எண்ணுக்குப் பள்ளியில் எக்ஸ் போடச் சொல்வார்கள். கையெழுத்தில் எக்ஸும் பெருக்கல் குறியும் ஒன்றுபோலத் தெரிந்து, நடுவழியில் குழப்பும். பழகும்வரை பெட்டி போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு பத்தியில் ஒரே பொருள், ஒரு வரியில் ஒரே சமயத்துச் சோடி. இந்த ஒழுங்கு புதிதல்ல. ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே இந்தக் கணக்கைத் திரைராசிகம் என்ற பெயரில் சொல்லிவிட்டார். தெரிந்த அளவு பிரமாணம், அதற்குக் கிடைக்கும் பயன் பலம், நமக்கு வேண்டிய அளவு இச்சை. பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் விடை. பிரமாணமும் இச்சையும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்று 628-இல் பிரம்மகுப்தர் சேர்த்துச் சொன்னார். நம் கணக்கில் இரண்டும் மல்லி. பெயர் எழுதிய பத்தி இருந்தால் இந்த விதி தானாகவே காப்பாற்றப்படும்.

அடுக்கி முடித்ததும், கணக்கைத் தொடும் முன், ஒரு கேள்வி: விடை 300-ஐவிடக் கூடுமா, குறையுமா? மல்லி குறைந்திருக்கிறது, மிளகாயும் குறைய வேண்டும். ஆக விடை 300-க்குக் கீழே. ஓரத்தில் ‘குறையும்’ என்று எழுதி வையுங்கள். ஐந்து நொடி வேலைதான், பின்னால் வரும் பிழைகளில் பாதியை இதுவே பிடித்துவிடும்.

பெருக்கிப் பிடிப்பது

ஒவ்வொரு வரியையும் அப்படியே பின்னமாக எழுதுங்கள்: இடப்பத்தி எண் மேலே, வலப்பத்தி எண் கீழே.

500 / 300 = 350 / □

இனி குறுக்குப் பெருக்கல். ஒரு பக்கத்து மேல் எண்ணை மறுபக்கத்துக் கீழ் எண்ணோடு பெருக்க வேண்டும்.

500 × □ = 300 × 350
500 × □ = 1,05,000
□ = 1,05,000 ÷ 500 = 210

மிளகாய் 210 கிராம். 300-க்குக் கீழே இருக்கிறது, நாம் ஓரத்தில் எழுதியதோடு ஒத்துப்போகிறது. விடையைப் பெட்டிக்குள் வைத்தும் சரிபாருங்கள்: 500/300-ஐச் சுருக்கினால் 5/3, 350/210-ஐ எழுபதால் சுருக்கினாலும் 5/3. முடிந்தது.

குறுக்கே பெருக்கலாம் என்பது மந்திரம் அல்ல. சமக்குறியின் இரு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினால் சமம் கெடாது. இரண்டு பக்கத்தையும் 300-ஆலும் □-ஆலும் பெருக்குங்கள். இடப்பக்கம் 300 அடிபட்டு 500 × □ மிஞ்சும். வலப்பக்கம் □ அடிபட்டு 350 × 300 மிஞ்சும். குறுக்கே கோடு போடுவது இதன் சுருக்கெழுத்து மட்டுமே. காரணம் தெரியாமல் பழகியவர்கள் 2/3 × 4/5, 2/3 + 4/5 போன்றவற்றிலும் குறுக்கே பெருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு பின்னங்களுக்கு நடுவே சமக்குறி இருந்தால் மட்டுமே குறுக்குப் பெருக்கல். அங்கே பெருக்கல் குறியோ கூட்டல் குறியோ இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

கால்குலேட்டர் இல்லாத தேர்வறையில் 300 × 350-ஐப் பெருக்கி, மறுபடி 500-ஆல் வகுப்பது வீண் வேலை. பெருக்கும் முன் அடித்துவிடுங்கள். □ = 300 × 350 / 500 என்று எழுதினால் 300-உம் 500-உம் 3-உம் 5-உம் ஆகும்; 350-ஐ 5-ஆல் வகுத்தால் 70; 70 × 3 = 210. மனத்திலேயே முடிகிற கணக்கு.

இதே விடைக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மடங்கு பார்ப்பது: 500 எப்படி 350 ஆனது? 0.7 மடங்கு. மிளகாயும் 0.7 மடங்கு: 300 × 0.7 = 210. மற்றது ஓரலகு முறை: 500 கிராமுக்கு 300 என்றால் ஒரு கிராம் மல்லிக்கு 0.6 கிராம் மிளகாய். 350 × 0.6 = 210. எதை எப்போது எடுப்பது? 350, 420, 800 என்று பல அளவுகளுக்கு விடை வேண்டுமானால் ஓரலகுதான் லாபம், ஒருமுறை 0.6 கிடைத்துவிட்டால் போதும். ஆனால் வகுத்தால் முடிவில்லாமல் நீளும் எண் வந்தால் அந்த வழி வேண்டாம். 7 நோட்டு 200 ரூபாய், 21 நோட்டு எவ்வளவு? ஓரலகில் போனால் ஒரு நோட்டு 28.57, 21-ஆல் பெருக்கினால் 599.97. மடங்கில் போனால் 21 என்பது 7-இன் மூன்று மடங்கு, விடை நேராக 600. எந்த வழியில் போனாலும், தசமத்தை வெட்டுவதைக் கடைசி வரிக்கு விட்டுவிடுங்கள்.

தவறுகள் எங்கே நுழைகின்றன

மிகப் பரவலான பிழை கழித்தல். ‘மல்லி 150 கிராம் குறைந்தது, மிளகாயிலும் 150 குறைத்துவிடு’ என்று 150 கிராம் மிளகாய் எடுப்பது. கேட்க நியாயமாக இருக்கும், ‘குறையும்’ என்ற நம் சோதனையையும் தாண்டிவிடும். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் சாயம் வெளுக்கும். மல்லி 200 கிராம் மட்டும் இருந்தால்? 300 குறைகிறது, மிளகாய் பூச்சியம். மல்லி 100 கிராம் என்றால் மிளகாய் பூச்சியத்துக்கும் கீழே! விகிதத்தில் மாறாமல் இருப்பது வித்தியாசம் அல்ல, மடங்கு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறுக்குப் பெருக்கலுக்குப் போகும் முன் இந்த ஒரு இடத்தில் நிதானமாக நிற்பது நல்லது.

அடுத்தது தலைகீழாக எழுதுவது. 500/300 = □/350 என்று போட்டால் விடை 583.33 வரும். இடப்பக்கம் மல்லி மேலே, வலப்பக்கம் மிளகாய் மேலே. பெயர் எழுதியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். எழுதாவிட்டாலும் 583 என்பது 300-ஐவிடப் பெரிது என்று ஓரக்குறிப்பு கத்தும். சரியாக எழுதப் பல வடிவங்கள் உண்டு: 500/300 = 350/□ சரி, 500/350 = 300/□ சரி, இரண்டு பக்கத்தையும் ஒருசேரத் தலைகீழாக்கினாலும் சரி. எல்லாவற்றிலும் 500-க்குக் குறுக்கே □ இருக்கும், 300-க்குக் குறுக்கே 350 இருக்கும். அது மாறினால் கணக்கு போச்சு.

மூன்றாவது, அலகு. மாடித் தோட்டச் செடிகளுக்குப் பஞ்சகவ்யத்தை 3 சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்வார்கள், அதாவது ஒரு லிட்டருக்கு 30 மி.லி. தெளிப்பான் பாட்டில் 750 மி.லி. கொள்ளும். அவசரத்தில் 1/30 = 750/□ என்று எழுதினால் விடை 22,500 மி.லி., அதாவது இருபத்திரண்டரை லிட்டர்! முக்கால் லிட்டர் பாட்டிலுக்குள் அது எப்படிப் போகும்? லிட்டரை மி.லி.யாக மாற்றிய பிறகுதான் பத்தியில் எழுத வேண்டும்.

1000 / 30 = 750 / □
□ = 30 × 750 / 1000 = 22.5 மி.லி.

ஒரே பத்தியில் இருக்கும் இரண்டு எண்களும் ஒரே அலகில் இருந்தால் போதும். இரண்டு பத்திகளுக்கும் ஒரே அலகு வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனைக்கணக்கில் இது நன்றாகத் தெரியும்: சென்னையில் ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. 30-க்கு 50 அடி மனை 1,500 சதுர அடி. 2400/1 = 1500/□ என்று எழுதினால் □ = 0.625 கிரவுண்ட். இடப்பத்தி முழுக்கச் சதுர அடி, வலப்பத்தி முழுக்கக் கிரவுண்ட். எந்தத் தகராறும் இல்லை.

நான்காவது பிழையைக் கட்டட வேலையில் பார்க்கலாம். பூச்சுக் கலவை 1 : 4, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல். அளந்து கொட்டுவது மொத்தம் 10 சட்டி என்றால் சிமெண்ட் எத்தனை சட்டி? 1/4 = □/10 என்று போட்டு 2.5 என்பார்கள். இடப்பக்கம் கீழே இருக்கும் 4 மணல். வலப்பக்கம் கீழே இருக்கும் 10 மொத்தம். ஒரே பத்தியில் இரண்டு வேறு பொருள்கள் புகுந்துவிட்டன. மொத்தம் 1 + 4 = 5 பங்கு. 1/5 = □/10, சிமெண்ட் 2 சட்டி, மணல் 8 சட்டி. கேள்வியில் ‘மொத்தம்’, ‘கலவையில்’, ‘எல்லாம் சேர்த்து’ என்ற சொற்கள் வந்தால் முதலில் பங்குகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தள்ளுபடிக் கணக்கும் இதே குடும்பம்தான். ஆடித் தள்ளுபடியில் 30 சதவீதம் போக ஒரு புடவை 1,260 ரூபாய். பழைய விலை என்ன? 1,260-இல் 30 சதவீதம் 378, அதைக் கூட்டி 1,638 என்பது தவறு, ஏனென்றால் அந்த 30 சதவீதம் பழைய விலையில் எடுத்தது. நாம் கொடுத்தது பழைய விலையில் 70 சதவீதம். 70/100 = 1260/□, விடை 1,800 ரூபாய். 1,800-இல் 30 சதவீதம் 540, கழித்தால் 1,260. சரி.

ஒன்று கூடினால் மற்றது குறையும் கணக்குகள்

ஓர் அடுக்ககத்தின் சம்பில் 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் இறக்குகிறார்கள். 8 வீடுகளுக்கு அது 3 நாள் வரும். கோடை விடுமுறைக்கு இரண்டு குடும்பங்கள் ஊருக்குப் போய்விட்டன, 6 வீடுகள்தான். எத்தனை நாள் வரும்?

பழக்கத்தில் 8/3 = 6/□ என்று எழுதினால் 2.25 நாள் என்று வரும். ஆள் குறைந்தும் தண்ணீர் சீக்கிரம் தீர்கிறதா? இங்கேதான் அந்த ஓரக்கேள்வி உயிரைக் காப்பாற்றும். வீடு குறைந்தால் நாள் கூட வேண்டும். இது எதிர் விகிதம். இதில் மாறாமல் இருப்பது வகுத்தல் அல்ல, பெருக்கல்.

8 × 3 = 6 × □
□ = 24 ÷ 6 = 4 நாள்

பாடப்புத்தகத்தில் சொல்வதுபோல ஒரு பின்னத்தைத் தலைகீழாக்கியும் போடலாம். ஆனால் எதைத் திருப்புவது என்று குழம்புவதைவிட, வரிக்கு வரி பெருக்கிச் சமமாக்குவது எளிது. சரிபார்க்க ஒரு வீட்டின் கணக்கைப் பாருங்கள்: 12,000-ஐ 8 வீடு, 3 நாளுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 500 லிட்டர். 6 வீடுகளுக்கு 3,000 லிட்டர். 12,000 ÷ 3,000 = 4. பொருந்துகிறது.

இரண்டு விஷயங்கள் ஒன்றாக மாறினால் ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். இம்முறை வந்தது 9,000 லிட்டர் லாரி, வீடுகள் 5. முதலில் வீட்டை மட்டும் மாற்றுங்கள்: 8 × 3 = 5 × □, 4.8 நாள். இது 12,000 லிட்டருக்கு. அடுத்து தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் குறைந்தால் நாளும் குறையும், நேர் விகிதம்: 4.8 × 9000/12000 = 3.6 நாள். ஒரே வரியில் எல்லாவற்றையும் திணிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

எங்கே இந்தக் கணக்கு செல்லாது

விகிதசமம் போடும் முன் இரட்டிப்புச் சோதனை செய்யுங்கள்: ஒன்றை இரண்டு மடங்காக்கினால் மற்றது சரியாக இரண்டு மடங்கு ஆகிறதா, அல்லது சரியாகப் பாதி ஆகிறதா? இரண்டும் இல்லையென்றால் பேனாவை மூடுங்கள்.

2013-இல் அரசு நிர்ணயித்த ஆட்டோக் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்கில் 3.6 கிலோமீட்டருக்கு 50 ரூபாய் அல்ல. 25-உம், மீதி 1.8 கிலோமீட்டருக்கு 21.60-உம் சேர்த்து 46.60. ஏறியவுடன் விழும் தொகை விகிதத்தைக் கெடுத்துவிடுகிறது. மின்கட்டணமும் அப்படியே: வீட்டு இணைப்புக்கு முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், பிறகு அடுக்கடுக்காக வேறு வேறு விலை. போன முறையின் இரண்டு மடங்கு யூனிட் ஓடினால் பில்லும் இரண்டு மடங்கு என்று சொல்ல முடியாது.

தோசை இன்னொரு நல்ல உதாரணம். விட்டம் 20 செ.மீ. உள்ள தோசைக்கு ஒரு கரண்டி மாவு என்றால், அதே கனத்தில் 40 செ.மீ. தோசைக்கு இரண்டு கரண்டி போதாது, நான்கு வேண்டும். நீளமும் அகலமும் இரண்டுமே இரட்டிக்கின்றன. வரைபடத்திலும் இதை மறக்கக் கூடாது: 1 : 50,000 அளவுள்ள வரைபடத்தில் ஒரு செ.மீ. என்பது அரை கிலோமீட்டர், ஆனால் ஒரு சதுர செ.மீ. என்பது கால் சதுர கிலோமீட்டர்.

ஏறாமல் தென்னையை அளப்பது

வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடியது நிழல் கணக்கு. ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள், நிழலை அளங்கள்: 0.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உடனே தென்னையின் நிழலை அடியிலிருந்து நுனி வரை அளங்கள்: 7.2 மீட்டர்.

உயரம் — நிழல்
1 — 0.8
□ — 7.2

1 / 0.8 = □ / 7.2, ஆகவே □ = 7.2 ÷ 0.8 = 9 மீட்டர்.

இரண்டு நிழலையும் அடுத்தடுத்து அளக்க வேண்டும். அரை மணி தள்ளி அளந்தால் சூரியன் நகர்ந்து விகிதம் மாறிவிடும். தரை சமமாக இருக்க வேண்டும், நிழல் சுவரில் ஏறக் கூடாது. நடுப்பகலைத் தவிர்த்துவிடுங்கள். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, செங்குத்தாக நிற்கும் குச்சிக்கு நிழலே விழாது. நிழல் குட்டையாக இருந்தால் ஒரு செ.மீ. தவறும் பெரிதாகிவிடும். மாலை நான்கு மணி வாக்கில் நிழல் நீண்டு, அளக்கத் தோதாக இருக்கும்.

பெட்டியோடு ஒட்டி ஏதாவது இருந்தால்

தேர்வில் (□ + 2)/6 = 5/3 போலவும் கேட்பார்கள். குறுக்கே பெருக்கும்போது அடைப்புக்குறியை விடாதீர்கள்: 3 × (□ + 2) = 30, □ + 2 = 10, □ = 8. அடைப்பை விட்டு 3 × □ + 2 = 30 என்று எழுதினால் 9.33 என்று வரும். 8-ஐ வைத்துப் பார்த்தால் 10/6, சுருக்கினால் 5/3.

போட்டுப் பாருங்கள்

1. ஒரு படி அரிசி ஊறவைக்க 1.5 லிட்டர் தண்ணீர் என்றால், இரண்டரை படிக்கு எவ்வளவு?
2. 12 பேர் 10 நாளில் வெள்ளையடித்து முடிக்கும் கட்டடத்தை, அதே வேகத்தில் 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்?
3. இட்லி அரிசியும் உளுந்தும் 4 : 1. இரண்டும் சேர்த்து 2 கிலோ வேண்டும். உளுந்து எவ்வளவு?
4. மொட்டை மாடிக் கொடியில் ஒரு சட்டை காய 2 மணி நேரம். ஐந்து சட்டைகளை ஒன்றாகக் காயப்போட்டால்?

விடைகள்: முதலாவது 3.75 லிட்டர், நேர் விகிதம். இரண்டாவது 8 நாள், எதிர் விகிதம்; 12 × 10 = 15 × 8. மூன்றாவது 400 கிராம். 500 என்று வந்திருந்தால் மொத்தப் பங்கு 5 என்பதை விட்டுவிட்டீர்கள். நான்காவது அதே 2 மணி நேரம்தான். கொடியில் இடம் இருக்கும்வரை சட்டைகளின் எண்ணிக்கைக்கும் காயும் நேரத்துக்கும் விகிதம் கிடையாது.